எத்தினி பேரு, எத்தினி பாத்ரூம்?

சென்னை ஓஎம்ஆர் பக்கம் அடுக்குமாடியில் புதிதாகக் குடிவரும் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: வீட்டு வேலைக்கு வரும் அக்காவைத் தாங்கள்தான் இன்டர்வியூ செய்கிறோம் என்பது. சோபாவில் சாய்ந்துகொண்டு, "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்று தொடங்குவார்கள். அக்கா அதற்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்லிக்கொண்டே வீட்டை ஒரு நோட்டம் விட்டு முடித்திருப்பார்.

சிங்க்கில் கிடப்பது இன்றைய பாத்திரமா, முந்தாநாள் பாத்திரமா? தரை வெள்ளை டைல்ஸா, கறுப்பு கிரானைட்டா? வெள்ளையில் கறை தெரியும், கறுப்பில் துடைத்த கோடு தெரியும், இரண்டுக்கும் ரேட் உண்டு. குனிந்து துடைக்க வேண்டுமா, மாப் வைத்திருக்கிறார்களா? பால்கனியில் புறா வருகிறதா? இந்தப் புறா விஷயம் முக்கியம். புறா வரும் பால்கனிக்கு மாதம் 200 ரூபாய் கூட. ஆனால் அதைப் புறாவின் பெயரில் கேட்க மாட்டார். "பால்கனி பெர்சா கீதும்மா" என்பதோடு சரி.

அதற்குப் பிறகுதான் கேள்வி. "எத்தினி பேரு? எத்தினி பாத்ரூம்?"

"மூணே பேர்தான்க்கா. பாத்ரூம் ரெண்டு. அதுல ஒண்ணை யூஸே பண்றதில்ல."

இந்த "மூணே பேர்" என்பதை அக்கா இருபது வருஷமாகக் கேட்டுவருகிறார். சனி ஞாயிறுக்கு வரும் மாமனார் மாமியார், மேட்ச் பார்க்க வரும் ஆபீஸ் பட்டாளம், மே மாதம் வந்து பள்ளிக்கூடம் திறக்கும்வரை நகராத தங்கை குடும்பம், இவர்களெல்லாம் அந்த மூணில் சேர்த்தி இல்லை. யூஸ் பண்ணாத பாத்ரூமில் ஈர டவல் தொங்குவதையும் அவர் பார்த்துவிட்டார். மூணை ஐந்தாக்கி மனசுக்குள் எழுதிக்கொள்வார்.

"ஸ்கூலுக்குப் போற கொழந்த இருக்குதா?"

"ஒரே பொண்ணு. யூகேஜி."

இங்கேதான் ரேட் ஏறும். யூகேஜி படிக்கும் பெண்ணின் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஏனென்று தெரியும். டப்பா ஒன்று, உள்ளே தட்டு ஒன்று, அதற்குள் சாஸ் வைக்க விரல்நுனி அளவில் இரண்டு கிண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூடி, மூடிக்கு உள்ளே ரப்பர் வளையம், அந்த வளையத்துக்கு அடியில் நேற்றைய நெய்ச்சாதம். வளையத்தை நெம்பி எடுக்க ஊக்கு வேண்டும். எடுத்ததைத் திரும்பப் பொருத்தத் தவ வலிமை வேண்டும். கூடவே வரும் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு ஸ்ட்ரா, அந்த ஸ்ட்ராவுக்கு ஒரு குட்டி பிரஷ். பெரிய அண்டாவைக் கூட சபீனாவும் கம்பி நாரும் போட்டு இரண்டு நிமிஷத்தில் கவிழ்த்துவிடும் அக்கா, இந்த டப்பாவோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுவார். வீட்டுக்காரர்கள் "ரெண்டு பெட்ரூம் வீடுதானே" என்று சதுர அடியை வைத்துப் பேரம் பேசும்போது அவர் ஏன் சிரிக்கிறார் என்று இப்போது புரியும்.

ரேட் பேசும் முறை வேலைக் கணக்கு. பாத்திரம் ஒரு வேலை, பெருக்கித் துடைப்பது ஒரு வேலை, துணி ஒரு வேலை. "ரெண்டு வேலைக்கு மூவாயிரத்தி ஐந்நூறு."

"பக்கத்து வீட்டுல மூவாயிரம்தானே வாங்கறீங்க?"

"அவுங்க கதை வேறம்மா."

அந்தக் கதை உண்மையில் வேறுதான். 2020-ல் ஊரடங்கு வந்தபோது, இனி யாரும் உள்ளே வரக் கூடாது என்று அடுக்குமாடிகள் கேட்டைச் சாத்தின. வராத மாதங்களுக்கும் சம்பளத்தை போனில் அனுப்பிய வீடுகள் சில. "வேலையே செய்யலியே" என்று நியாயம் பேசிய வீடுகள் பல. அனுப்பியவர்களுக்கு அக்கா வெகுநாள்வரை பழைய ரேட்டைத் தொடவே இல்லை. நியாயம் பேசியவர்களுக்கு மறுவருஷமே ஐந்நூறு ஏறியது, காரணம் மட்டும் சொல்லப்படவில்லை. எங்கள் வளாகத்தில் யார் வீட்டில் எவ்வளவு சம்பளம் என்ற பட்டியல் கையில் கிடைத்தால், யார் எப்படிப்பட்டவர் என்று ஜாதகம் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

புது வீடு பிடிப்பதற்கு விளம்பரமெல்லாம் கிடையாது. சாமான் லாரி கேட்டுக்குள் நுழையும்போதே சேதி போய்விடும். முதல் ஒற்றர் வாட்ச்மேன். முதல் மாதச் சம்பளத்தில் அவருக்கு ஒரு சிறு பங்கு. இரண்டாம் ஒற்றர், வெளியே தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர். யார் வீட்டில் ஆள் கூடியிருக்கிறது, யார் காலி செய்யப் போகிறார்கள் என்பதெல்லாம் துணி மூட்டையின் கனத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். லாரியிலிருந்து சாமான் இறங்குவதை அக்கா தள்ளி நின்று பார்ப்பார். வாஷிங் மெஷின் இறங்கினால் துணி வேலை போயிற்று. டிஷ்வாஷர் இறங்கினால் கண்டுகொள்ளவே மாட்டார். ஆறு மாதத்தில் அதற்குள் வெங்காயம் வைப்பார்கள் என்பது அனுபவம். தொட்டில் இறங்கினால் முகம் மலரும். ட்ரெட்மில் இறங்கினால், ஈரத் துணி காயப்போட ஒரு இடம் கிடைத்தது.

பால் காய்ச்சும் அன்றே போய் நிற்பார், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்று. ஆனால் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார். ஏற்கெனவே ஆள் வைத்திருந்த வீடென்றால், நின்றுபோனவரை பஸ் ஸ்டாப்பில் பிடித்து விசாரிப்பார். பாக்கி வெச்சாங்களா? வாய் எப்படி? டீ குடுப்பாங்களா, குடுத்தா எந்த டம்ளர்ல? பெரிய கம்பெனிகளில் பழைய முதலாளியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் அல்லவா, அது இங்கே தலைகீழாக நடக்கிறது. வாட்டர் ஃபில்டருக்குப் பின்னால் தனி டம்ளர் ஒளித்து வைத்திருக்கும் வீடு என்று தெரிந்தால் வேலையை மறுப்பார், அல்லது ரேட்டை ஏற்றுவார். அந்த வீட்டில் டீ வேண்டாம் என்றும் சொல்லிவிடுவார்.

அக்கா மட்டும் எல்லா உண்மையையும் சொல்லிவிடுகிறாரா என்றால், இல்லை. "எங்க இருக்கீங்க?" என்றால் "துரைப்பாக்கம்" என்பார். இருப்பது கண்ணகி நகர். அது துரைப்பாக்கத்தில்தானே இருக்கிறது, அதனால் பொய் இல்லை. கண்ணகி நகர் என்று சொன்னால் சில வீடுகளில் பீரோ சாவி இடம் மாறும், அவ்வளவுதான். 2000-ம் ஆண்டு முதல், நகரத்தின் ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. வந்த புதிதில் அங்கே வேலை ஏது? பல பெண்கள் அதிகாலை பஸ்ஸைப் பிடித்து, பழைய மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளுக்கே பாத்திரம் துலக்கப் போனார்கள். பிறகு ஐடி கம்பெனிகள் வந்தன, அடுக்குமாடிகள் எழுந்தன, வாடிக்கையாளர்கள் தாங்களாகவே லாரியேறி அக்காவின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனது. எங்கள் வளாகத்துச் சிக்கனசிகாமணி ஒருவர் உடனே கணக்குப் போட்டார்: "பஸ் காசு மிச்சமாகுதே, சம்பளத்துல கொஞ்சம் குறைச்சுக்கலாமே?" அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பஸ்ஸு இங்க வரைக்கும் மட்டுமா சார் ஃப்ரீ? அடையாறு வரைக்கும் ஃப்ரீதான். அங்கயும் வூடு கீது." அந்த மாதம் அவருக்கு இருநூறு ஏற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அதே சிகாமணிதான் அரசாணையையும் கண்டுபிடித்து வந்தார். 2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. மணிக்கு 37 ரூபாய். அவர் கால்குலேட்டரைத் தட்டினார்: தினம் ஒரு மணி நேரம், 26 நாள், ஆகக்கூடி 962 ரூபாய். "கவர்மென்டே இவ்வளவுதான் சொல்லுது!" குறைந்தபட்சம் என்று போட்டிருந்ததை அவர் அதிகபட்சமாகப் படித்ததில் ஆச்சரியமில்லை. மெனு கார்டையும் அவர் வலது பக்கத்திலிருந்துதான் படிப்பார். அக்கா தகராறே செய்யவில்லை.

"சரி சார், கவர்மென்ட் ரேட்டே குடுங்க. கவர்மென்ட் மாரியே பத்து மணிக்கு வர்றேன். சனி ஞாயிறு லீவு. பொங்கலுக்கு நாலு நாளு வர மாட்டேன். பஞ்சப்படி எப்பப்ப ஏறும்னு மட்டும் பாத்து சொல்லுங்க."

குடியிருப்போர் சங்கம் சும்மா இருக்குமா? வாட்ஸாப் குழுவில் தீர்மானம் வந்தது: "வேலையாட்களின் ரேட் கட்டுக்கடங்காமல் போகிறது. இனி யாரும் ஒரு வேலைக்கு 1,500-க்கு மேல் தரக் கூடாது." கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. தீர்மானம் போட்டவரின் மனைவி மறுநாள் காலை கதவோரம் அக்காவை நிறுத்தி, "அந்த குரூப்ல சொல்றதெல்லாம் கண்டுக்காதீங்க, நான் எப்பவும்போல 2,000 குடுத்துடறேன், வெளிய சொல்லாதீங்க" என்றார். அக்கா வெளியே சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் மட்டும் சொன்னார். அடுத்த மாதம் பி பிளாக் முழுக்க 2,000 ஆகியிருந்தது. கையெழுத்து, தீர்மானம், கட்டைவிரல் எதுவுமில்லாத அந்த பஸ் ஸ்டாப் சங்கத்தில் இதுவரை யாரும் கட்சி மாறியதாகத் தெரியவில்லை.

பிறகு கேட்டில் ஆப் வந்தது. வேலைக்கு வருபவர்கள் எண்ணை அழுத்திவிட்டு நுழைய வேண்டும், உடனே வீட்டம்மாவின் போனில் மணியடிக்கும். "பஸ் வரலம்மா" என்று சொல்லிவிட்டு ஏ பிளாக்கில் வேலை பார்த்துக்கொண்டிருப்பது இனி நடக்காது என்று எல்லோருக்கும் ஒரே குதூகலம். ஒரு மாதம்தான். சம்பள நாளன்று ஒருவர், "இந்த மாசம் அஞ்சு நாள் வரல, பிடிச்சுக்கறேன்" என்று தொடங்க, அக்கா, "உன் போன எடும்மா. எத்தினி நாளு உள்ள வந்தேன்னு அதுல பாரு" என்றார். போன் பார்த்தார்கள். இருபத்தெட்டு நாள். "ரெண்டு நாளு லீவு பேசினதுதான?" அந்த வீட்டில் இப்போது ஆப்பைப் பற்றிய பேச்சே எடுப்பதில்லை.

பேரம் பேசும் அம்மாக்களின் கடைசி ஆயுதம் "போற போக்குல". போற போக்குல அந்த ஃபேனை ஒரு தட்டு தட்டிடுங்க. போற போக்குல ஃப்ரிட்ஜ் மேல ஒரு துடை. அக்காவும் மறுப்பதில்லை, "அத்த டீப் கிளீனிங்ல பண்ணிக்கலாம்மா" என்பார். இந்தச் சொல்லை ஆன்லைன் கம்பெனி ஆட்கள் மெஷின் தூக்கிக்கொண்டு வந்த அன்று கற்றுக்கொண்டார். அவர்கள் மொத்த வீட்டுக்கு எவ்வளவு கேட்டார்கள் என்பதையும் அப்போதே காதில் வாங்கிவிட்டார். "அவன் கேட்டதுல பாதி குடு போதும்" என்பதுதான் அவருடைய ரேட். கம்பெனிக்காரன் ஏற்ற ஏற்ற, அக்காவின் பாதியும் தானாக ஏறும்.

தீபாவளி வந்தால் ஒரு மாதச் சம்பளம் போனஸ், அது ஊர் வழக்கம். ஆவணி கடைசியில் சேர்ந்தவருக்கும் முழு மாதமா என்பது வருஷாவருஷம் நடக்கும் விவாதம். முழுசாகத் தர மனமில்லாத ஒரு அம்மா, பாதிச் சம்பளமும் ஒரு பட்டுப்புடவையும் என்று சமரசம் செய்தார். புடவையை இருகையாலும் வாங்கிய அக்கா, பார்டரைத் திருப்பிப் பார்த்து, "நல்லா கீதும்மா. இது நாலாவது மாடி அம்மா அவுங்க பொண்ணு கல்யாணத்துல எல்லாருக்கும் வெச்சுக் குடுத்ததாச்சே! அன்னிக்கு நாந்தான் எல்லாத்தையும் கவர்ல போட்டேன்" என்றார். மீதிப் பாதிச் சம்பளம் சாயங்காலத்துக்குள் கைக்கு வந்தது. புடவையைத் திருப்பித் தரவில்லை.

போன மாதம் மூன்றாவது மாடிக்கு ஒரு இளம் ஜோடி வந்தது. இருவருக்கும் ஐடி. அக்கா வழக்கம்போல நோட்டம் விட, அவர்கள் பெருமையாக ஒரு வட்டப் பெட்டியைக் காட்டினார்கள். தானாகவே ஓடிப் பெருக்கித் துடைக்கும் ரோபோவாம். பட்டனை அழுத்தினார்கள். அது கிர்ரென்று கிளம்பி, சோபா காலில் முட்டி, திரும்பி, கட்டிலுக்கு அடியில் போய், ஒரு சாக்ஸை விழுங்கிவிட்டு, ஏதோ ஒரு பெண் குரலில் உதவி கேட்டுக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களாக்கா? பெருக்கறது துடைக்கறது எல்லாம் இது பார்த்துக்கும். நீங்க பாத்திரம் மட்டும் பண்ணா போதும். ஒரு வேலைதான்."

அக்கா குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்து, மல்லாத்திப் பார்த்தார். பிரஷ்ஷில் முடி சுற்றியிருந்தது. தூசிப் பெட்டி ரொம்பியிருந்தது. அழுக்குத் தண்ணீர் டப்பாவுக்கு ஒரு மூடி, மூடிக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம்.

"இத்த யாரு கழுவறது, நீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பன்னா ரெண்டு வேலைதாம்மா. முந்நூறு ஜாஸ்தி."