ஓர் உறையில் மூன்று கத்தி

ஓர் உறைக்குள் இரண்டு கத்தி இருக்க முடியாது என்று நம்மவர்கள் ஆண்டாண்டுக் காலமாகச் சொல்லிவருகிறார்கள். மாமியார் மருமகள் வழக்கு முதல் கட்சித் தலைமைச் சண்டை வரை இதையே பிரமாணமாகக் காட்டித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தீர்ப்பெழுதிய எவரும் உறையைத் திறந்து எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நேபாளத்துக் குக்ரியின் உறையை எண்ணிப் பார்த்தால் மூன்று இருக்கும். பெரிய கத்தி ஒன்று. உறையின் பின்புறத்துச் சிறு அறைகளில் கர்தா, சக்மக் என்று இரண்டு குட்டிகள். கர்தா சில்லறை வேலைக்கு. சக்மக்குக்குக் கூர் கிடையாது; பெரிய கத்தியின் வாயைச் சீர்செய்வதும், சிக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீப்பொறி எழுப்புவதும் அதன் உத்தியோகம். மூன்றும் சச்சரவில்லாமல் குடியிருக்கின்றன. ஆக, நம் பழமொழியில் பழி சேர வேண்டியது கத்தியின் மேல் அன்று, உறை தைத்தவர் மேல். இஃது இவ்வாய்வின் முதற் கருதுகோள்.

கையால் அடித்த கத்தியை விற்போர், உறையைப் பொறுத்தவரை இரு பிரிவினர். முன்கூட்டியே தைத்து அடுக்கிவைத்த உறைகளில் ஒன்றை எடுத்துக் கொடுப்போர் ஆயத்த உறையார். கத்தி பிறந்த பிறகு அதைக் கிடத்தி அளவெடுத்துத் தைப்போர் அளவுறையார். உறையே தராமல் கத்தியை மட்டும் நீட்டும் மூன்றாம் பிரிவினரும் உளர். அவர்களைப் பிறகு கவனித்துக்கொள்வோம்.

கைக்கத்திக்கு ஆயத்த உறை பொருந்தும் என்பது முதற் பிரிவினர் துணிபு. அற்றன்று. என்னை? ஒரே உலை, ஒரே சம்மட்டி, ஒரே ஆள் என்றாலும் காலையில் அடித்த கத்தியும் மாலையில் அடித்த கத்தியும் ஒன்றாவதில்லை. குக்ரியில் இச்சிக்கல் இன்னும் முற்றும். லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்யும் அந்தக் கத்தி, பிடியருகே ஒடுங்கி, வளைந்து, நுனிக்கு முன்னால் வயிறு தள்ளி நிற்பது. அகன்ற வயிறு முதலில் நுழைய வேண்டும். நுழைந்தபின் குறுகிய கழுத்து அதே வாயில் ஆடாமல் நிற்க வேண்டும். வளைவு கொஞ்சம் மாறினாலும் பக்கத்துக் கத்தியின் உறை இதற்கு ஆகாது.

உருவுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நேராக இழுத்தால் வராது. கத்தியின் முதுகு உறையின் முதுகை உரசிக்கொண்டே வளைந்து வெளிவர வேண்டும். அப்போது உறையைப் பிடித்த கை முதுகுப்புறத்தோடு நிற்க வேண்டும். விரல்கள் கூர்ப்பக்கத்தைச் சுற்றக் கூடாது. உறை என்பது இரண்டு மரச் சில்லுகளைச் சேர்த்து மேலே எருமைத்தோல் போர்த்தியது. கூர் அந்தச் சில்லுகளின் நடுவே புகுந்தால் தோலையும் அறுக்கும், தோலுக்கு வெளியே இருப்பதையும் அறுக்கும். கத்தியிடமிருந்து காக்க வந்த உறையிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ள ஒரு விதி தேவைப்பட்டதை ஆய்வுலகம் இன்னும் போதிய அளவு வியக்கவில்லை.

இந்த உறையைச் செய்பவர் கத்தியை அடித்தவர் அல்லர். மரபுப்படி கத்தி காமிகளின் தொழில். தோல்வேலை சார்க்கிகளின் தொழில். இருவரையுமே நேபாளச் சமூகம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்தது. சட்டம் 1963இல் மாறியது. சட்டம் மாறிய வேகத்தில் ஊர் மாறவில்லை. கூர்க்கா வீரனின் புகழ் உலகெங்கும் போயிற்று, கொல்லனின் புகழும் ஓரளவு கூடவே போயிற்று. உறை தைத்தவரை யாரும் கேட்கவில்லை. இதை மட்டும் கேலியில்லாமல் பதிவு செய்கிறேன்.

இனித் தோலுறை. மேலைநாட்டு அளவுறையார் பெரும்பாலும் பட்டை போட்டுப் பதனிட்ட தோலையே எடுக்கிறார்கள். தோலைத் தண்ணீரில் நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியின் மேல் போர்த்தி, விரலால் அழுத்தி அழுத்தி உருவம் ஏற்றிக் காயவிட்டால் அது கத்தியின் வடிவை மறப்பதில்லை. குரோமியம் போட்ட தோல் அப்படி நில்லாது. கூர்ப்பக்கத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு தோல்நாடா வைத்துத் தைப்பார்கள். கத்தி நுழையும்போதெல்லாம் வெட்டுவாங்குவது அதுதான், தையல்நூல் அன்று. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக விடுவார்கள். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும். ‘கத்திக்குத்தானே காசு, உறை சும்மாதானே வரும்?’ என்று கேட்கும் வாடிக்கையாளர் இந்தத் தையலில் நாலு துளை போட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இவ்விடத்தில் ஆய்வு ஒரு பெரும் நெருக்கடியைச் சந்திக்கிறது. பட்டைத்தோலில் ஊறிய துவர்ப்பும், அது காற்றிலிருந்து இழுத்துவைக்கும் ஈரமும் துருப்பிடிக்கும் எஃகுக்கு ஆகாதவை. எனவே விவரமறிந்த கொல்லர்கள் உறையையும் கொடுத்து, ‘மாதக்கணக்கில் உள்ளே போட்டுவைக்காதீர்கள்’ என்ற அறிவுரையையும் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டையை நெடுங்காலம் பயன்படுத்தினோம். ஆவாரை பூத்திருக்கச் சாவார் உண்டோ என்பது மனிதருக்குச் சொன்னது. இரும்புக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. உள்ளே வைக்கக் கூடாத பொருளுக்கு உறை எதற்கு எனின், எடுத்துச் செல்வதற்கு என்க. இருப்பிடம் வேறு, வாகனம் வேறு.

ஜப்பானியர் இந்தச் சங்கடத்தை மரத்தால் தீர்த்தனர். ஹோ மரத்தை இரண்டாகப் பிளந்து, குடைந்து, சோற்றுப் பசையால் ஒட்டுவார்கள். உள்ளே துருவோ தூசியோ சேர்ந்தால் உறையைப் பிளந்து சுத்தம் செய்து மீண்டும் ஒட்டலாம். பிளக்க வேண்டும் என்பதற்காகவே வலுக்குறைந்த பசை. அதே நாட்டில் தெருவில் எதிரெதிரே நடந்த இரு சாமுராய்களின் உறைகள் உரசிக்கொண்டால் அது சண்டைக்கு அழைப்பு என்று கொள்ளும் வழக்கமும் இருந்தது. கத்தி வம்பிழுக்கவில்லை, உறைதான் இழுத்தது என்பதைப் பழமொழி ஆர்வலர்கள் குறித்துக்கொள்க.

விமானத்தின் உட்புறப் பலகைகளுக்காக 1965இல் உருவான கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கையும் விட்டுவிடக் கூடாது. சூடாக்கி, கத்தியின் மேல் வைத்து அழுத்தினால் அச்சாகப் பதியும். செருகும்போது ‘டக்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குவோர் இருக்கிறார்கள் என்பது என் ஐயம். ஈரம் ஏறாது, துவர்ப்பு இல்லை. உள்ளே மணல் புகுந்தால் மட்டும் கத்தியின் கன்னத்தில் கோடு கோடாகக் கையெழுத்துப் போட்டுவிடும்.

உறை மறுப்பாளர்களுக்கு வருவோம். குடகர்கள் விழாக்காலத்தில் முன்னிடுப்பில் செருகும் பீச்சேகத்திக்கு வெள்ளிவேலை செய்த உறை உண்டு. முதுகில் தொங்கும் ஒடிகத்திக்கோ பித்தளைக் கொக்கி மட்டுமே. அலகு வெளியே தெரியும். நம் திருப்பாச்சி அரிவாளும் உறையறியாதது. சினிமாவில் அதற்குச் சட்டைக் காலர்தான் உறை; உருவும்போது நாயகனின் முதுகுத்தண்டு தப்புவது இயக்குநரின் கருணை. பனையேறிகள் மட்டும் அப்படி விளையாடவில்லை. பாளை சீவும் அரிவாளை இடுப்பில் அருவாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டே ஏறினார்கள். தொழிலுக்குக் கத்தி எடுப்பவனுக்கு உறை வேண்டும், காட்சிக்கு எடுப்பவனுக்கு வேண்டாம் என்ற முடிவுக்கு இது இழுக்கும். ஆனால் பீச்சேகத்தி அதைக் கெடுத்துவிடுவதால், அந்த முடிவைக் கைவிடுகிறேன்.

காட்மாண்டுவின் தமேல் கடைவீதியில் உறையோடு வாங்கிய குக்ரியைக் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, நாடா ஒட்டித் தந்தால், அது உறைக்கு உறை ஆகிறது. அத்தாள் ஆயத்த உறையா, அளவுறையா? முன்பே அச்சாகி வந்ததால் ஆயத்தமே என்று வாதிடலாம். அந்தக் கத்தியைக் கிடத்திப் பார்த்து, அதற்கென்றே கிழித்துச் சுற்றியதால் அளவுறை என்பதே என் துணிபு.