அந்த வளைவு வரைக்கும்

"அந்த வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துட்டுத் திரும்பிடலாம்."

இதைச் சொல்கிறவரை உங்களுக்குத் தெரியும். நாலு குடும்பம் சேர்ந்து கிளம்பினால் அதில் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் சகலை. அதனால் அடுத்த பயணத்தில் கழற்றிவிடவும் வழியில்லை.

சாலையில் இருக்கும்வரை இவருடைய வியாதி அவ்வளவாக வெளியே தெரியாது. "கேஸ் அடுத்த எக்ஸிட்ல போட்டுக்கலாம்" என்பார். முள் சிவப்பைத் தொடும்போது அதற்கடுத்த எக்ஸிட் என்பார். இதெல்லாம் சில்லறை. லாஸ் வேகாஸிலிருந்து இரண்டரை மணி நேரம் ஓட்டி, யூட்டாவின் ஸயான் தேசியப் பூங்காவில், வர்ஜின் ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடும் 'நாரோஸ்' என்ற இடுக்குக்குள் இவரைக் கொண்டுபோய் விட்டால்தான் விஸ்வரூபம் தெரியும். இரண்டு பக்கமும் ஆயிரம் அடி வரைக்கும் செங்குத்துப் பாறை. நடுவில் சில இடங்களில் 20, 30 அடிதான் அகலம். பாதை என்று தனியாக ஒன்று கிடையாது, ஆறுதான் பாதை. அந்த ஆற்றுக்கோ நேராக ஓடத் தெரியாது. எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் எதிரே ஒரு வளைவு இருக்கும். குடிகாரரை டாஸ்மாக் மாடியில் குடிவைத்த மாதிரிதான்.

பூங்காவின் ஷட்டில் பஸ் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஒரு மைலுக்கு ஆற்றோரமாகத் தளம் போட்ட நடைபாதை. அது முடிகிற இடத்தில் பலபேர் கணுக்காலை நனைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விடுகிறார்கள். நாங்களும் அதற்குத்தான் வந்தோம் என்று நினைத்திருந்தோம். ஆனால் கார் பார்க்கிங்குக்குக்கூடக் கணக்குப் பார்க்கிற சகலை, பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலில், வாயைத் திறக்காமல் எல்லோருக்கும் தண்ணீர் பூட்ஸும் நியோப்ரீன் சாக்ஸும் ஆளுக்கொரு கழியும் வாடகைக்கு எடுத்தார். "கால் நனைக்க எதுக்குங்க கழி?" என்று அவர் மனைவி மட்டும் கேட்டார். பதில் இல்லை.

முதல் வளைவு வந்தது. திரும்ப வேண்டியதுதானே? சகலை அதை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தார். "இது வளைவே இல்ல சகல. சும்மா ஒரு பாறை துருத்திக்கிட்டு நிக்குது. நான் சொன்னது அடுத்தது."

அடுத்தது வந்தது. அதை வளைவென்று ஒப்புக்கொண்டார். ஆனால் முழு வளைவில்லை, பாதியாம். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால்தான் மீதி தெரியுமாம். மூன்றாவதைத் தாண்டினால் இடம் அகலமாகும், உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடலாம் என்று அவருக்குத் 'தோன்றியது'. தாண்டினால் தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்தது. புளிசாதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

நேரத்தைச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்வார். அதுதான் ஆபத்து. "பத்தே நிமிஷம். நீங்களே டைம் வச்சுக்கோங்க." எங்கே வைப்பது? எல்லோருடைய போனையும் நனையாத பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, முதுகில் மாட்டியிருப்பவர் அவர்தான்.

இவருக்குச் சாட்சிகளும் உண்டு. எதிரே இறங்கி வருகிற ஒவ்வொரு வெள்ளைக்காரரையும் நிறுத்தி "ஹவ் ஃபார்?" என்பார். அவர்களும் தங்கள் ஊர் மரியாதைப்படி சிரித்து, "ஆல்மோஸ்ட் தேர்!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். எங்கே போகிறோம் என்று இவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. "பார்த்தீங்களா, வந்தாச்சாம்" என்று எங்கள் பக்கம் திரும்புவார்.

திரும்பி வருகிற தூரம் என்று ஒன்று இருப்பதே இவர் கணக்கில் வராது. ஞாபகப்படுத்தினால் அதற்கும் ஒரு விஞ்ஞானம் வைத்திருக்கிறார். "போகும்போதுதான் எதிர்த்தண்ணி. வரும்போது ஆறே தள்ளிக்கிட்டு வந்துடும். நடக்கவே வேண்டாம்."

அவர் மனைவி கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர். ஆகவே இரண்டாவது வளைவிலேயே, வெயில் விழுகிற, முதுகு சாய்க்க வசதியான ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்." முறுக்கு டப்பா அவரிடம் இருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிமேல் சொல்வது புகார். அந்த இடுக்கிலிருந்து அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு முழம்தான் தெரியும். ஆபத்தான மழை அந்த ஒரு முழத்தில் பெய்ய வேண்டியதில்லை. பல மைல் தள்ளி மேட்டில் கொட்டினாலும், இங்கே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். முதலில் தண்ணீர் கலங்கும், சுள்ளியும் குப்பையும் மிதந்து வரும். அப்புறம் ஏறிக்கொள்ள நேரம் இருக்காது, சில இடங்களில் ஏற மேடே கிடையாது. 2015 செப்டம்பரில் அதே பூங்காவில் கீஹோல் என்ற வேறொரு இடுக்கில் இறங்கிய 7 பேரும் அப்படித்தான் செத்தார்கள். அதனால்தான் அன்றன்றைக்கு வெள்ள வாய்ப்பு எவ்வளவு என்று பூங்காக்காரர்கள் படிப்படியாகப் பிரித்து எழுதிப் போடுகிறார்கள். சகலையும் படித்தார். "'பாசிபிள்'னுதானே போட்டிருக்கான், 'ப்ராபபிள்'னு போடலியே" என்றார். எட்டு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு இப்படிப் பேசுகிறவரிடம் எனக்கு நகைச்சுவை வருவதில்லை. ஊரில் மருமகப்பிள்ளை, மூத்தவர் என்று யாரும் எதிர்த்துப் பேசாமல் வளர்த்துவிட்டார்கள். ஆற்றுக்கு அந்த முறையெல்லாம் தெரியாது.

சரி, நியாயமாகவும் பேசுவோம். ஆர்டர்வில் என்ற கிளை இடுக்கு வந்து சேருகிற இடத்தைத் தாண்டினால் 'வால் ஸ்ட்ரீட்' வருகிறது. அங்கே கரையே கிடையாது, பாறைக்குப் பாறை தண்ணீர்தான். வெயில் நேரே இறங்காமல் எதிர்ச்சுவரில் பட்டு, ஆரஞ்சாகி, கீழே சிந்துகிறது. 1872இல் கில்பர்ட் என்ற நிலவியலாளர் மேலேயிருந்து இதற்குள் வந்து, நாரோஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் பின்னாலிருந்து ஒரு சகலை தள்ளியிருப்பார் என்றே நினைக்கிறேன். எங்களை எங்கள் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் கணுக்காலோடு போயிருப்போம், இதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். அதைச் சொல்லி நன்றி கூறலாம் என்று வாயெடுத்தேன். "சகல, அங்க ஒரு வளைவு தெரியுது பாருங்க" என்றார்.

கடைசியில் அவரைத் திருப்பியது எங்கள் வாதம் எதுவும் இல்லை. பையனுடைய வயிறு. கழிப்பறை பஸ் நிறுத்தத்தோடு சரி, ஆற்றுக்குள் கிடையாது. மறுபேச்சில்லாமல் திரும்பினார். கடைசி பஸ்ஸை விட்டிருந்தால் பூங்கா வாசல் வரைக்கும் எட்டு ஒன்பது மைல் நடை. பிடித்துவிட்டோம். ஈரக் காலோடு பஸ்ஸில் நின்றுகொண்டு, நாங்கள் திரும்பிய இடத்துக்கு அப்பால் என்ன இருந்திருக்கும் என்று வழியெல்லாம் விளக்கினார்.

இப்போது வீட்டுக்கு வந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழேயிருந்து போகிறவர்கள் பெர்மிட் இல்லாமல் பிக் ஸ்பிரிங் என்ற ஊற்றைத் தாண்டக் கூடாது. இவர் ஒருத்தரை நிறுத்துவதற்கு அமெரிக்க அரசே சட்டம் போட வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். பெர்மிட் வாங்கி மேலேயிருந்து இறங்கினால் மொத்தம் 16 மைல். "ஒரே பக்கமா நடக்கிறது சகல. திரும்புற பேச்சே கிடையாது. உங்களுக்கு அதுதானே கஷ்டம்?"

ஒரு குழுவில் 12 பேர் வரை போகலாமாம். பட்டியல் அனுப்பியிருக்கிறார், என் பேர் இரண்டாவது. அவர் மனைவி பேர் இல்லை. கேட்டதற்கு, "அவளுக்கு முட்டிவலி" என்றார். எனக்கு எந்த மூட்டு வலிக்கிறது என்று சொன்னால் சகலை விடுவார் என்று அவர் மனைவியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் முறுக்கு டப்பாவைப் பற்றியே வாய் திறக்கவில்லை.