பஞ்சாரத்துக்குள் ஒரு சீமாட்டி

உள்ளாடையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டால், மேலே ஒரு துண்டைப் போட்டு மறைக்கிற ஜாதி நாம். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமோ 2016-ல் அதே சமாசாரங்களைக் கண்ணாடிக்குள் நிறுத்தி, விளக்குப் போட்டு, டிக்கெட்டும் கிழித்தது. உள்ளாடைகளின் வரலாறாம்.

என்னை அங்கே நகரவிடாமல் பிடித்து நிறுத்தியது கிரினோலின். 1850களின் பிற்பகுதியில் ஐரோப்பாவைப் பிடித்தாட்டிய பேய் அது. எஃகு வளையங்களை நாடாக்களில் கோத்து, இடுப்பிலிருந்து தொங்கவிட்ட கூண்டு. நம் ஊர்ப் பஞ்சாரமேதான். உள்ளே கோழிக்குப் பதில் சீமாட்டி. மேலே போடும் பாவாடையின் விளிம்பு சிலருக்கு ஆறு கஜம். அதாவது ஒரு முழுப் புடவை வேண்டும், அம்மணியை ஒருமுறை சுற்றிவர!

இருந்தாலும் நியாயம் பேச வேண்டும். அதற்கு முன் இதே அகலத்துக்காகக் குதிரைமயிர்த் துணி, கஞ்சி போட்ட உள்பாவாடைகள் என்று ஐந்தாறு அடுக்கைச் சுமந்தார்கள், பாவம். 1856-ல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இந்தக் கூண்டு வந்ததும் அத்தனையும் கழன்றது. கால்கள் காற்று வாங்கின.

சில சமயம் ஊரே பார்க்க வாங்கின. 1859-ல் மான்செஸ்டர் டச்சஸ் ஒரு வேலியைத் தாண்டப் போக, வளையம் மாட்டிக்கொண்டு தலைகுப்புறக் கரணம். உள்ளே இருந்தது சிவப்புக் கட்டம் போட்ட நிக்கர். அதைத் தரிசித்தவர்களில் ஒருவர் மாலகாஃப் பிரபு. கிரிமியப் போரில் செவஸ்தபோலைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி. விக்டோரியா மகாராணியின் தோழி ஒருத்தி இதைக் கடிதத்தில் எழுதித் தொலைத்ததால், அந்த நிக்கரின் நிறம் வரைக்கும் சரித்திரத்துக்குத் தெரியும்.

நிறம் என்றதும் இன்னொரு கூத்து. வெள்ளைக்காரச் சாம்ராஜ்யம் இந்தியாவிலும் மற்ற இடங்களிலும் மலேரியாவில் நடுங்கிக்கொண்டிருந்த காலம். அதே 1856-ல், வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் அதற்கான மருந்தான கொயினாவைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்தான். மருந்து வரவில்லை, ஊதாச் சாயம் வந்தது. 1858-ல் மகள் கல்யாணத்துக்கு விக்டோரியா மகாராணியே ஊதா நிறத்தில் வந்து நின்றார். காய்ச்சல்காரர்கள் காத்திருந்தார்கள்.

சிரிக்க முடியாததும் உண்டு. கணப்படுப்பின் ஒரு பொறி போதும். கூண்டுக்குள் இருந்த காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். எத்தனையோ பெண்கள் இப்படி எரிந்து செத்தார்கள். செவிலியர் பணி பற்றிய தம் நூலில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் இந்த உடையை விளாசியிருக்கிறார்.

லண்டனின் 'பஞ்ச்' பத்திரிகையும் விளாசியது, கார்ட்டூன் கார்ட்டூனாக. ஆனால் அந்த ஆண்களின் வயிற்றெரிச்சல் வேறு என்று எனக்குச் சந்தேகம். கூண்டு தொழிற்சாலையில் மலிவாகத் தயாரானது. சீமாட்டி அணிந்ததைச் சமையலறைப் பெண்ணும் அணிந்தாள். ஆலைக்காரியும் அணிந்தாள். 1860-ல் கோர்ட்டால்ட்ஸ் ஜவுளி ஆலை, வளையத்தை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வாருங்கள் என்று அறிவிப்பே ஒட்ட வேண்டியதாயிற்று. எஜமானி யார், வேலைக்காரி யார் என்று தூரத்திலிருந்து தெரியாமல் போனால் கனவான்களுக்குப் பொறுக்குமா? இத்தனைக்கும் அவர்கள் தலையில் இருந்தது உயரமான கறுப்புத் தொப்பி. அதைக் கேலி செய்ய அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

1860களின் கடைசியில் கூண்டு முன்பக்கம் தட்டையாகி, பருமன் மொத்தமும் பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. 'பஞ்ச்' அதையும் கேலி செய்தது.