திருவாமூர் அயர்ன்மேன்

அயர்ன்மேன் போட்டி 1978-இல் ஹவாய்த் தீவு ஒன்றில் பிறந்தது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இதற்கு இன்றுவரை ஒரு மறுப்பறிக்கைகூட விடவில்லை. அவ்வளவு பெருந்தன்மை.

ஹவாய்க் கதை இதுதான். 1977-இல் ஒரு தொடர் ஓட்டத்தின் பரிசளிப்பு விழா. நீச்சல்காரனுக்குத் தெம்பு அதிகமா, ஓட்டக்காரனுக்கு அதிகமா என்று வாக்குவாதம் முற்றியது. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி நடுவில் புகுந்து, ரெண்டு பேரும் இல்லை, சைக்கிள்காரன்தான் என்றார். பெல்ஜியத்து எடி மெர்க்ஸ் இழுக்கிற அளவுக்கு ஆக்சிஜனை வேறு எவனும் இழுத்ததில்லை என்று பத்திரிகையில் படித்திருந்தாராம். நம் ஊர் டீக்கடையாக இருந்தால் விஷயம் வடையோடு முடிந்திருக்கும். அவரோ தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளை எடுத்து ஒன்றன் வாலில் ஒன்றைக் கட்டிவிட்டார்: 3.8 கி.மீ. கடல் நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அந்தச் சைக்கிள் பாதையை அதுவரை இரண்டு நாளில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். 11 மணி 46 நிமிடத்தில் கார்டன் ஹாலர் ஜெயித்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோய், கூட வந்த கூட்டாளிகள் பீரைக் கொடுத்தார்கள். மிச்சத் தூரத்தை அவர் நேர்கோட்டில் ஓடியிருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இந்தக் கிறுக்கு 2019-இல் பாதி அளவில் கோவாவுக்கு வந்து இறங்கியது. நீச்சல் 1.9, சைக்கிள் 90, ஓட்டம் 21.1. அங்கிருந்து கடலூரைத் தொற்றிக்கொள்ள நெடுநாள் ஆகவில்லை. குற்றம் பூகோளத்தின் மீதுதான். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கி.மீ. ஒரு தடவை போய்வந்தால் பாதி அயர்ன்மேன், இரண்டு தடவை போய்வந்தால் முழு அயர்ன்மேன். இப்படி ஒரு கணக்கு வாசலிலேயே கிடந்தால் எந்தக் குடும்பஸ்தன்தான் சும்மா இருப்பான்? நாற்பது தாண்டிய ஒருவர் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் கல்லீரல் பக்கத்தைப் படித்த அன்று சாயங்காலம் சைக்கிள் வாங்குகிறார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சிப்காட் காற்றை எடி மெர்க்ஸ் கணக்காக நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் படம் எடுத்து, சிதம்பரத்தில் இட்லியைக் கத்திரிக்காய் கொத்சுவில் முக்கி எடுக்கும்போது அறிவிப்பு வந்துவிடுகிறது: “அடுத்த வருஷம் அயர்ன்மேன் போறேன்.”

“நீச்சல் தெரியுமாண்ணே?”

“அதான் ஒரு வருஷம் இருக்கே தம்பி.”

தூரத்தைப் பெருக்கிக் காட்டுவதில் கடலூருக்கு ஒரு பாரம்பரியமே உண்டு. 1690-இல் எலிஹு யேல் சென்னை கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்திய கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி. குண்டை எவ்வளவு தூரம் போகவைப்பது என்பது சுடுகிறவனின் கைத்திறமை என்று மேலிடமே கண்ணடித்துவிட்டது. சும்மா விடுவானா? ஊர் ஊராக வளைத்துப்போட்டார்கள். குண்டு உப்பலவாடிக்கு அந்தப் பெயர் வந்ததே இதனால்தான் என்பார்கள். இன்றைக்கு 89.4 கி.மீ.-இல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட சைக்கிள்காரர் உள்ளே போகாமல் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி 90 ஆக்குகிறாரே, அது அந்தப் பீரங்கிக்காரனின் ரத்தம்.

அதே கோட்டைக்கு 1746-இல் ராபர்ட் கிளைவ் வந்து சேர்ந்தார். வயது 21, உத்தியோகம் குமாஸ்தா. சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட, மாறுவேடம் போட்டுக்கொண்டு மாஸ்கலின் என்ற நண்பனோடு தப்பி வந்தார். சென்னையிலிருந்து கடலூர் இன்றைய சாலையில் ஏறத்தாழ 180 கி.மீ.; அயர்ன்மேன் சைக்கிள் தூரத்தைச் சைக்கிள் இல்லாமலே கடந்திருக்கிறார். ஆனாலும் கிளைவை முன்னோடி என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அது துரத்திவிட்டதால் வந்த வேகம்.

முன்னோடி பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூர்க்காரர், ஏழாம் நூற்றாண்டு. பெற்றோர் வைத்த பெயர் மருணீக்கியார். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்று பெரிய இடத்தில் இருந்தார். அவருக்கும் தொடக்கம் மெடிக்கல் ரிப்போர்ட்தான். சூலை நோய் வயிற்றைப் பிடித்துத் திருக, ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு அக்கா திலகவதியாரிடம் வந்தார். அக்கா மாத்திரை தரவில்லை, திருநீறு தந்தார். வலி போயிற்று, மதம் மாறிற்று, அரண்மனைக்குச் செய்தியும் போயிற்று. அந்தப் பல்லவ ராஜா மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர்களின் பொதுவான முடிவு. மத்தவிலாசம் என்று சிரிப்பு நாடகம் எழுதிய ஆள். இந்த விஷயத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் நடந்ததைப் பெரியபுராணம் சித்திரவதை என்று சொல்கிறது. இன்றைய கோச் யாரிடமாவது காட்டினால் பயிற்சி அட்டவணை என்பார். முதலில் ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் பூட்டிவைத்தார்கள். வெயிலுக்கு உடம்பைப் பழக்க இப்போது காசு கொடுத்து நீராவி அறையில் உட்காருகிறார்கள். அதுவும் அரை மணி நேரம். இவர் குளிர்ச்சியாக இருந்தது என்று பாடிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்து ஊட்டச்சத்து: நஞ்சு கலந்த பால்சோறு. ஓட்டத்தின் நடுவே ஜெல் பாக்கெட்டைப் பிதுக்கி விழுங்கியவர்களுக்கு இதன் ருசி ஓரளவு பிடிபடும். மூன்றாவது, மிதிக்க ஒரு யானை. அது வந்த வேலையை மறந்து வலம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனது. பயிற்சி முடிந்துவிட்டது என்று கண்டு, கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டார்கள்.

கல் மிதந்தது. அதையே தெப்பமாக்கிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்ந்தார். எத்தனை கிலோமீட்டர் என்று சேக்கிழார் சொல்லவில்லை; பீரங்கியும் அப்போது இல்லை. மிதப்பதற்கு உதவும் நீச்சலுடையின் தடிமன் 5 மி.மீ.-க்கு மேல் போகக்கூடாது என்று அயர்ன்மேன் விதிகள் கறாராகச் சொல்கின்றன. கருங்கல்லுக்கு விதி எழுத எவருக்கும் தோன்றியிருக்காது. அவர் ஏறிய இடம் கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரோடு இன்றும் கடலூரில் இருக்கிறது. நீச்சல் முடிந்து சைக்கிளுக்கு மாறுகிற இடத்துக்கு ஓர் ஊர்ப்பெயரே வைத்த போட்டி உலகத்தில் வேறு உண்டா?

சைக்கிள் எங்கே என்று ஆட்சேபிக்கலாம். அது வர இன்னும் 1200 வருஷம் ஆகும். அதற்கு நம் திருவாமூர்க்காரரான அப்பர் பொறுப்பல்ல. வாகனம் என்று பக்கத்தில் இருந்தது சம்பந்தரின் முத்துச் சிவிகை. வயதில் பேரன் போன்ற பிள்ளை. அப்பர் என்று பெயர் வைத்ததே அந்தப் பிள்ளைதான். ஒரு வார்த்தை சொன்னால் ஏற்றிக்கொண்டிருக்கும். பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? திருப்பூந்துருத்தியில் கூட்டத்துக்குள் புகுந்து, சிவிகையின் கொம்பில் தோளைக் கொடுத்துவிட்டார். அப்பர் எங்கே இருக்கிறார் என்று உள்ளிருந்து சம்பந்தர் கேட்க, இதோ உம் அடியைச் சுமக்கும் பேறு பெற்றேன் என்று கீழேயிருந்து பதில் வந்தது. பிள்ளை பதறிக் குதித்தது. வண்டியில் ஏறாமல் வண்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று நடுவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வழியில் சாப்பாடு உண்டு. திருப்பைஞ்ஞீலிக்குப் போகும்போது பசி காதை அடைக்க, சிவபெருமானே அந்தணராக வந்து, சோலையும் குளமும் ஏற்பாடு செய்து, பொதிசோறு கொடுத்தார். இப்போது ஒரு வாழைப்பழத் துண்டும் உப்புத் தண்ணீரும் தருகிறார்கள்; நுழைவுக் கட்டணம் தனி.

கடைசிக் கட்டம் கயிலாயம். 1982-இல் ஹவாயில் ஜூலி மாஸ் என்ற பெண் எல்லைக்கோட்டுக்குச் சில அடி தூரத்தில் விழுந்து, தவழ்ந்து போய் முடித்தார். 29 விநாடியில் பெண்கள் பிரிவின் முதலிடம் போயிற்று. டெலிவிஷனில் அதைப் பார்த்துத்தான் அமெரிக்கா இந்தப் போட்டியின் பின்னால் அலைய ஆரம்பித்தது. அப்பரோ கால் தேய்ந்ததும் கையால் போனார், கை தேய்ந்ததும் மார்பால் நகர்ந்தார், அதுவும் ஆகாதபோது உருண்டார். முனிவர் வேடத்தில் வந்த சிவன், போட்டி டாக்டர் மாதிரி, மனிதரால் ஆகாது திரும்பிப் போம் என்றார். பெரியவர் அசையவில்லை. சரி, இந்தக் குளத்தில் மூழ்கு என்றார். வடக்கே மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார். கயிலாயக் காட்சி அங்கே கிடைத்தது. பாதையைக் குறுக்கியதாகத் தகுதிநீக்கம் செய்யலாம்தான். ஆனால் குறுக்குவழி காட்டியவர் போட்டி அமைப்பாளர்.

ஸ்ட்ராவா செயலியில் ஏற்றாத ஓட்டம் ஓட்டமே இல்லை என்பது இன்றைய சித்தாந்தம். அப்பரின் ஓட்டத்தை முழுசாக ஏற்றியவர் சேக்கிழார், சுமார் 500 வருஷம் கழித்து, சிதம்பரம் ஆயிரக்கால் மண்டபத்தில் உட்கார்ந்து. ஒரு சித்திரைத் திருவாதிரையில் ஆரம்பித்த அரங்கேற்றம் அடுத்த சித்திரைத் திருவாதிரையில் முடிந்ததாம். சோழ ராஜா வந்து கேட்டார். லைக் போடுவதோடு நிற்காமல் நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றி, தானும் பின்னால் ஏறிச் சாமரம் வீசினார். ஓடியவருக்கு மிதிக்க யானை, எழுதியவருக்கு ஏற யானை. இந்த வரலாற்றை எழுதி வைத்ததெல்லாம் எழுத்தாளர்கள் என்பதை வாசகர்கள் கணக்கில் கொள்ளவும்.