தண்ணி சுடவைச்சது ஆர்?

தம்பி, அந்தக் கடதாசியை இஞ்சால கொண்டா பாப்பம். மாமியார் யாழ்ப்பாணத்தில இருந்து சொல்லச் சொல்ல எழுதினனியோ? எழுத்து வடிவாய்த்தான் இருக்கு. "பச்சைத்தண்ணி தொடக் கூடாது. காத்துப் படக் கூடாது. ஒரு மாசத்துக்குத் தலை முழுகக் கூடாது..." பொறு, பொறு. இது உன்ர மாமியார் சொன்னதில்லை. எங்கட ஆக்கள் பிள்ளைப்பெத்தவளை முழுகாமல் விடுறதோ? வேப்பிலையும் நொச்சியும் அவிச்சு, கை வைக்க ஏலாத சூட்டில வேது தண்ணி வாத்து, அவள் "ஐயோ" எண்டு கத்தக் கத்த வயித்துக்குத் துணி கட்டி விடுவினம். முழுகாத கதை மெல்க்கோயா காஸ் ஆலையில உன்னோட வேலை செய்யிற சீனப் பெடியன்ர. அவன்ர மனுசியும் இப்பத்தானே பெத்தவ. ரெண்டு நாட்டு மாமிமாரின்ர சட்டத்தையும் ஒரே கடதாசியில எழுதி உன்ர மனுசியின்ர தலையில கட்டப் பாக்கிறாய். கெட்டிக்காரன்தான்.

சீனர் முப்பது நாள், நாங்கள் முப்பத்தொண்டு. அவையளிலும் ஒரு நாள் கூட எண்டு நெஞ்சை நிமித்தாதை. அவை பிள்ளைப்பெத்தவளைக் கட்டிலை விட்டு இறங்க விடாயினம். யன்னல் பூட்டு, காலுக்குச் சொக்ஸ், குடிக்கிறது எல்லாம் சுடச்சுட. தென்சீனத்தில பண்டிக்காலை இஞ்சியும் காடியும் போட்டு மணிக்கணக்காய் அவிப்பினம். தைவானில கோழியை நல்லெண்ணெயில வதக்கி அரிசிச் சாராயம் விடுவினம். நல்லெண்ணெயும் இஞ்சியும் எண்டவுடன எனக்கு வாய் ஊறினது உண்மை, சாராயத்தைக் கேட்டுத்தான் கண்ணை மூடினனான். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி அரைச்சு நாங்கள் வைக்கிற சரக்குத்தண்ணிக்கும் அதுக்கும் பெரிய தூரம் இல்லை. தைவானில இந்த ஒரு மாசத்துக்கெண்டே விடுதியளும் நடத்தினம். காசு கட்டினால் தாய்க்குச் சாப்பாடு, பிள்ளைக்கு நேர்ஸ், மாமியாருக்கு விசிட்டிங் நேரம். கடைசிச் சாமானுக்கு நானும் காசு குடுப்பன்.

இப்ப மூண்டு சனத்தையும் வைச்சுப் பார். சீனத்தி தண்ணியைத் தொட விடாள். எங்கட ஆச்சிமார் கொதிதண்ணியை வாப்பினம். இஞ்ச நோர்வேயில, ஹம்மர்பெஸ்ட் ஆஸ்பத்திரியில பெத்த கையோட "போய் ஷவர் எடு" எண்டுவினம். மூண்டு இடத்திலயும் பிள்ளையள் வளந்து, தாய்மாரும் பிறகு பேத்தியளுக்குப் புத்தி சொல்லத்தான் செய்யினம். அப்ப தண்ணியில ஒண்டும் இல்லை. அந்தத் தண்ணியைச் சுடவைச்சது ஆர் எண்டதுதான் கதை. பெத்தவளே எழும்பிப் போய் வைச்சாளெண்டால் அதில நீ எந்த மூலிகை போட்டும் பிரயோசனம் இல்லை.

காத்துப் படக் கூடாது, துடக்கு, அடுப்படிக்கு வரக் கூடாது எண்டு சொன்ன கிழவியளை மூடர் எண்டு நினையாதை. "அவளுக்கு ஒரு மாசம் ஓய்வு குடுங்கோ" எண்டு நேரே கேட்டிருந்தால் அந்தக் காலத்து மாமியார் குடுத்திருப்பாவோ? இல்லாட்டி உன்ர பாட்டன் குடுத்திருப்பாரோ? "அவள் தொட்டால் துடக்கு" எண்டு சொல்லிப் பார், நெல்லுக் குத்தச் சொல்ல ஒருத்தரும் கிட்ட வராயினம். அது கிழவியள் நடத்தின ஸ்ட்ரைக் மோனை. சங்கம் இல்லை, கொடி இல்லை, ஆனால் முப்பத்தொரு நாளும் வேலை நிண்டது.

நோர்வேக்காரர் மட்டும் என்ன லேசுப்பட்டதுகளோ? முந்தி இஞ்ச ஒருத்தி பெத்தால் அயலட்டைப் பொம்பிளையள் புளிச்ச பாலாடையில காய்ச்சின ரொம்மெக்ரோட் கஞ்சியை, பூ வரைஞ்ச மூடிபோட்ட மரவாளியில கொண்டு போவினம். ஆற்ற கஞ்சி திறம் எண்டு போட்டியும் நடந்திருக்கும், நான் நிண்டு பாக்கேல்லை. தாய் ஆறு கிழமையளவில சேர்ச்சுக்குப் போய் உள்ள எடுபட்ட பிறகுதான் பழையபடி ஊரோட சேருவாள். துடக்குக் கழிவுதான், ஐயருக்குப் பதிலாய்ப் பாதிரியார். இப்ப அதைச் சட்டமாக்கிப்போட்டினம். பெத்த பிறகு முதல் 6 கிழமை லீவு தாய்க்கெண்டே ஒதுக்கினது, ஒருத்தரும் கை வைக்கேலாது. முழுச் சம்பளத்தோட எண்டால் மொத்தம் 49 கிழமை, அதில 15 உனக்கு. 1993 இல தேப்பனுக்கெண்டு முதன்முதல் 4 கிழமை ஒதுக்கேக்க, ஆம்பிளையள் வீட்டில இருந்து என்ன செய்யிறதெண்டு சிரிச்சவை. உன்ர 15 கிழமையை பனி ஸ்கூட்டர் ஓடவும் தொர்ஸ்க் மீன் பிடிக்கவும் வைச்சிருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்ததுக்கு வேற 2 கிழமை லீவு கிடைச்சதே? அதில எத்தினை தரம் அடுப்புப் பத்தவைச்சனி? சரி, விடு.

கடதாசியில வெட்ட வேண்டியதை வெட்டுவம். படுத்த படுக்கையாய்க் கிடத்திறதை வெட்டு. அசையாமல் கிடந்தால் கால் நரம்பில ரத்தம் கட்டும், பெத்த ஆறு கிழமையும் அந்தப் பயம் இருக்கு. வீட்டுக்குள்ள நடக்கட்டும். தண்ணி குறைக்கிறதை வெட்டு, பால் குடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும். மரக்கறி குளிர் எண்டதையும் வெட்டு, இல்லாட்டி மலச்சிக்கலில அவள் படுற பாட்டுக்கு நீதான் ஏச்சு வாங்குவாய். சாராயக் கோழியும் வேண்டாம், பாலில இறங்கும். மிச்சம் இருக்கட்டும். இஞ்சி, மிளகு, உள்ளி, நல்லெண்ணெய், காலுக்குச் சொக்ஸ். இந்த ஊரில சொக்ஸ் போட நோர்வேக்காரனுக்கும் ஆரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை.

குழந்தைக்குச் சூரியனைக் காட்டச் சொல்லியும் எழுதியிருக்கு. ஓம், காட்டு. நவம்பர் 21 அளவில போன சூரியன் ஜனவரி 21 அளவில வரும், அதுமட்டும் மாமியாரைப் பொறுக்கச் சொல்லு. அதுவரைக்கும் நேர்ஸ் சொல்லுற வைட்டமின் டி சொட்டுத்தான் சூரியன், ஒரு நாளும் தவற விடாதை. எங்கட தோலுக்கு இந்த வடக்கில அது கட்டாயம். வண்டிலில வைச்சு வெளியில நித்திரையாக்கிற பழக்கமும் இஞ்ச இருக்கு. அதுக்கு உன்ர குஞ்சு இன்னும் கொஞ்சம் வளரட்டும். நோர்வேக்காரரே சைபருக்குக் கீழ பத்துப் போனால் உள்ள தூக்கிவருவினம்.

நேர்ஸ் வீட்டுக்கு வருவாள், பிறகு ஹெல்சஸ்டஷூன் எண்ட தாய்சேய் கிளினிக்குக்குக் கூப்பிடுவாள். அங்க பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் குடுக்கிறவை, எடின்பரோவில 1987 இல செய்தது. அழுகை வருதோ, பயம் வருதோ, நித்திரை வருதோ எண்டு கேக்கும். நீ பக்கத்தில இருந்து "ஒண்டுமில்லை, அவ சந்தோசமாய் இருக்கிறா" எண்டு மொழிபெயர்க்க வெளிக்கிடாதை. வெளியில போய்க் கோப்பி குடி.

பகிடி இல்லை தம்பி இது. எண்பது, தொண்ணூறுகளில ஃபின்மார்க் மீன் பக்டரியளுக்கு வந்த எங்கட சனத்துக்குக் கை நோகும், முதுகு நோகும், தலை நோகும். டொக்டர்மார் சோதிச்சுப்போட்டு ஒண்டும் இல்லை எண்டுவினம். அன்னே சிக்ஃப்ரிட் கிரோன்செத் எண்ட மானிடவியல்காரி இந்த வடக்கில எங்கட ஆக்களோட இருந்து பாத்து, 2010 இல அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினவா. சொந்தமும் சடங்கும் அறுந்த சனத்துக்கு அந்த அறுந்ததே உடம்பில நோவாய் வந்தது எண்டு சொல்லுறா. எங்களில கனபேர் பிறகு ஒஸ்லோவுக்குப் போட்டினம், சனத்தைத் தேடித்தான்.

சனம் இருந்தால் என்னவும் தாங்கலாம். 1944 இல ஜேர்மன்காரன் பின்வாங்கேக்க ஃபின்மார்க்கை எரிச்சான். ஹம்மர்பெஸ்டில மிஞ்சின கட்டடம் சவக்காலைச் சேர்ச் ஒண்டுதான். அந்த நேரம் கிர்க்கனெஸுக்குக் கிட்ட, பியோர்னெவாட்டின் சுரங்கத்துக்குள்ள மூவாயிரம் பேரளவில ஒளிச்சிருந்தவை. அதுக்குள்ள பத்துப் பிள்ளையள் பிறந்தது. எங்கட பிள்ளையள் 2009 இல வன்னியில பங்கருக்குள்ள பெத்ததுகள். அவளுகளுக்கு ஆர் முப்பத்தொரு நாள் குடுத்தது? உன்ர மனுசிக்குச் சட்டமே குடுத்திருக்கு, குறுக்க நிக்கிறது நீயும் உன்ர கடதாசியும்தான்.

பால்சுறா வறை வேணும் எண்டும் எழுதியிருக்கு. பால் சுரக்குமாம். இந்தத் துறைமுகத்தில பால்சுறாவுக்கு எங்க போவாய்? தொர்ஸ்க் வாங்கு, மஞ்சளும் மிளகும் போட்டு அவிச்சு முள்ளெடுத்து, தேங்காய்ப்பூவோட வறுத்தால் நாக்கை ஏமாத்தலாம். முருங்கையிலை ஒஸ்லோவில இருந்து பார்சலில எடுப்பிக்கலாம். முள்ளெடுக்கத் தெரியாதோ? நான் பக்டரியில பில்லே போட்ட கை, இருந்து சொல்லித் தாறன். கத்தி உன்ர கையில, கதிரை எனக்கு. மாமியார் வைபரில கூப்பிட்டால் நான் கதைக்கிறன், நீ முதல் அந்தச் சட்டியைக் கழுவு.