ரோட்டோரப் பூவுக்கு ரசீது கேட்ட பேராண்டி

இன்னா பேராண்டி, காலைல இருந்து லாங் பஜார்லயே சுத்திகினு கீறியாம்? வண்டுக்கும் தேனீக்கும் பூந்தோட்டம் போடணும்னு வெத கேட்டியாம். கடைக்காரன் கலர் கலரா பாக்கெட்ட விரிச்சானாம், நீ முந்நூறு ரூபாய எண்ணி வெச்சுட்டு ரசீதும் வாங்கிகினு வந்தியாம். நல்ல காரியம். சீமப் பூவுக்கு வேலூர் வெயிலு எப்பிடி இருக்கும்னு யாராச்சும் ஒருத்தன் காட்ட வேணாமா?

அதே தெருவுல நாட்டு மருந்துக் கடையில, கோணி நெறைய மஞ்சளா காஞ்சு கெடந்துச்சே, பாத்தியா? ஆவாரம்பூ. டீத்தூளுன்னு தாண்டிப் போயிருப்பே. ஊருக்கு வர்ற வழியில கரட்டுல, ரோட்டோரத்துல அல்லாம் அதான் பூத்துக் கெடக்குது. சும்மா கெடைக்கிறது படிச்சவன் கண்ணுக்கு எங்க தெரியப் போவுது.

நம்ம பழைய வேலூர் ஜில்லாவுக்கே சோறு போட்ட செடிடா அது. ஆம்பூரு, வாணியம்பாடி, ராணிப்பேட்ட தோல் ஷாப்புக்கு அந்தக் காலத்துல வண்டி வண்டியா ஆவாரம்பட்ட போவும். அந்தப் பட்டத் தண்ணியில தோல ஊறப்போட்டு, கடைசியா கடுக்காத் தண்ணியும் காட்டி எடுத்தா, மெட்ராஸ்ல கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போயிடும். செடியோட தோல உரிச்சு மாட்டுத் தோலுக்குப் பதம் போட்டாங்க. அப்பால அதுக்குப் பதிலா தென்னாப்பிரிக்கால இருந்து வாட்டில் பட்ட வந்துச்சு. அதுக்கும் அப்பால குரோமியம். ஷாப்புக் கழிவுத் தண்ணியில பாலாறு என்னாச்சுன்னு உனக்கே தெரியும். 1996ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லி, ஷாப்புக்குப் பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டுச்சு. அவ்ளோ கேட்டுலயும் பொழச்சுக்கினது ஆவாரஞ்செடி ஒண்ணுதான். உரிக்க ஆளில்ல.

சரி, உன் வண்டு கதைக்கு வரேன். இந்தப் பூவுல ஒரு சொட்டு தேன் கெடையாது. மகரந்தம்தான் கூலி, அதையும் பூட்டித்தான் வெச்சிருக்கும். மகரந்தப் பையோட நுனியில உப்பு டப்பாக்கு இருக்கற மாதிரி பொடி ஓட்ட. தேனீ வந்து தடவிப் பாத்துட்டு, கீழ சிந்தினத பொறுக்கிகினு போவும். கட்டையில ஓட்ட போடுதே, கட்டவெரல் தண்டி கருவண்டு, அது வந்தா கத வேற. பூவக் கட்டிப் புடிச்சுகினு, றெக்கைய விரிக்காமலே ஒடம்ப உதறும். அதுவரைக்கும் முனகிகினு வந்த சத்தம் சட்டுனு கீச்சுக் கொரலா மாறும். மகரந்தம் பீச்சிகினு வந்து வவுத்துல அப்பிக்கும். குட்டக் கேசரத்து மகரந்தப் பையில இருக்கறது வண்டுக்குச் சோறு; நீட்டுக் கேசரத்துல இருக்கறது முதுகுல விலாவுல ஒட்டிகினு அடுத்த பூவுக்குப் போவும். கூலி தனி, சரக்கு தனி. மண்டித் தெருவுல கூட இவ்ளோ சுத்தமா கணக்கு எழுத மாட்டான்.

எலையப் புழு தின்னும். ஒடனே மருந்து டப்பாவத் தூக்கிகினு ஓடாத. அதான் நாளைக்கு வெளுத்த பட்டாம்பூச்சியா பறக்கும். பட்டாம்பூச்சி வேணும், புழு வேணாம்னா, பேரப்புள்ள வேணும் மருமவ வேணாம்னு சொன்ன உங்க பாட்டி கததான்.

வளக்கறது உனக்குக் கஷ்டம். ஏன்னா ஒண்ணும் செய்யாம இருக்கணும். வெதையோட தோலு கெட்டி. சுடுதண்ணி ஊத்தி ராத்திரி பூரா ஊற வுடு. எங்க நிக்கணுமோ அங்கியே ஊனு. தொட்டியில வளத்து மாத்தி நடாத, ஆணிவேரு அறுந்தா மொகம் சுண்டிடும். நல்ல வெயிலு வேணும், தண்ணி தேங்கக் கூடாது. மொத வருசம் வேரு புடிக்கிற வரைக்கும் கொஞ்சம் தண்ணி காட்டு. யூரியா கீரியான்னு ஆரம்பிச்சே, எல தான் காட்டும். பூத்து ஓஞ்சதும் நுனியக் கொஞ்சம் வெட்டி வுடு. அப்பால அது பாட்டுக்கு வருசக்கணக்கா நிக்கும். ஆடு கூட அவ்ளோவா வாய் வெக்காது.

தெலுங்குக்காரங்க இத தங்கேடும்பாங்க. பதுகம்மா பண்டிகைக்கு அடுக்கி வெச்சுக் கும்புடுவாங்க. தெலங்கானா தனியாப் பிரிஞ்ச 2014லயே மாநிலப் பூவாவும் ஆக்கிக்கினாங்க. நாம பொங்கலுக்கு ஒரு கொத்து வாங்கறதோட சரி.

அந்த முந்நூறு ரூபா பாக்கெட்டத் திருப்பிக் குடுக்க முடியுமான்னு பாரு. முடிஞ்சா அந்தத் துட்டுல ஆம்பூர் பிரியாணி ஒரு பொட்டலம் கட்டியா. நம்ம கொல்ல வேலியோரம் காய் பழுப்பாகி கலகலங்கும்போது சொல்லி அனுப்பறேன், வெதைக்கு ஒரு மஞ்சப்பை எடுத்துகினு வா.