காரைக்கால் கைக்குழந்தையின் நள்ளிரவு நெளிதல்: ஓர் ஆய்வு

பிறந்து ஒன்றரை மாதமான காரைக்கால் குழந்தை நள்ளிரவு 2 மணிக்கு ஏன் நெளிகிறது? கிடைத்த விளக்கங்களில் வரலாற்றுக் கனம் மிக்கது பாரிஸ் நேரக் கோட்பாடு. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1இல்தான் மீண்டது. இன்றும் பல வீடுகளுக்குப் பிரான்சில் ஒரு சித்தப்பா உண்டு. நமக்கு இரவு 2 மணி என்றால், குளிர்காலத்தில் அவருக்கு 9.30தான். ஆட்சி மாறியும் குழந்தை கடிகாரத்தை மாற்றவில்லை என்பது இத்தரப்பின் வாதம்.

அழகான கோட்பாடு, கடற்கரையோரம் கொஞ்ச தூரம் போனால் கவிழ்ந்துவிடுகிறது. வடக்கே தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரருடையது. தெற்கே நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரருடையது. அங்கேயும் குழந்தைகள் இதே போலத்தான் நெளிகின்றன. காரைக்கால் எல்லையிலுள்ள வாஞ்சூர் சோதனைச்சாவடிக்கு இரு பக்கமும் பாலுக்கு அழும் குரல் ஒன்றே. (சாவடியில் தேடப்படும் பாட்டில் வேறு வகை.)

திருநள்ளாறு பக்கத்தில் இருப்பதால் சனீஸ்வரனை இழுப்பவர்களும் உண்டு. ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு தங்குபவருக்கும், இரண்டரை மணிக்கொரு தரம் பாலுக்கு எழுபவருக்கும் என்ன சம்பந்தம்? தள்ளுபடி.

மிஞ்சுவது நரிக் கோட்பாடு. தூக்கத்தில் குழந்தை சிரித்தால் நரி பூக் காட்டுகிறது; முகம் சுளித்தால் நரி விரட்டுகிறது. இதைச் சுலபமாக ஒதுக்க முடியாது. தூக்கத்தில் விழிகள் விரைந்தோடுவதைச் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் அறிவித்தார்கள். 1955இல் குழந்தைகளிடம் பார்த்தபோது, 50, 60 நிமிடத்துக்கொரு முறை இந்தச் சலனம் வந்து வந்து போயிற்று. பச்சைக்குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படித்தான்: இமைக்குள் விழி ஓடும், உதடு சப்பும், மூச்சு சீராக இராது, முனகும், காலை உதைக்கும். அத்தனையும் தூக்கத்தில்தான். நரியைக் கண்டுபிடித்த பாட்டிகளுக்கும் இது தெரிந்திருக்கிறது. சிகாகோ ஆய்வில் விடுபட்டது நரி மட்டுமே. இரவு, பகல் பேதம் குழந்தைக்குப் புரிய எப்படியும் இரண்டு, மூன்று மாதம் ஆகும்.

அப்படியானால் எழுப்புவது யார்? முனகல் கேட்டதும் அம்மா விளக்கைப் போடுகிறாள். தாத்தா வசம்பைத் தேடி அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்க்கிறார். அப்பாயி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட, வீடே இருமுகிறது. தூளியிலிருந்து எடுத்துப் பாயில் கிடத்தினால் குழந்தை இரு கைகளையும் விரித்துத் திடுக்கிடுகிறது. இந்தத் திடுக்கிடலை எர்ன்ஸ்ட் மோரோ 1918இலேயே விவரித்துவிட்டார். வீட்டிலோ அதற்குப் பெயர் ‘பயந்துடுச்சு’, இன்னொரு மிளகாய்.

ஆக, நெளிவது குழந்தை. தூக்கம் கெட்டவர்கள் மற்றவர்கள். முனகியதும் தூக்காமல் சற்றுக் கவனிக்கலாம் என்ற பரிந்துரையோடு கட்டுரை அப்பாயியின் மதிப்பீட்டுக்குச் சென்றது. மதிப்பீட்டாளர் குறிப்பு வருமாறு: “நீ புள்ள பெத்தியா, நான் பெத்தேனா? நரி வெரட்டுது, மொதல்ல தூக்குடா!”

தூக்கப்பட்டது. விழித்துக்கொண்டது. ஆய்வு முடிவு அங்கேயே நிரூபணமாயிற்று, ஒப்புக்கொள்ளத்தான் ஆளில்லை.